வானத்திலும் வழிப்பாத்தியம் வேண்டும்

தில்லியிலிருந்து சென்னைக்கு வான்வழியே சுமார் 1,750 கிலோமீட்டர். அதே தில்லியிலிருந்து உஸ்பெகிஸ்தானின் தலைநகரான தாஷ்கண்ட்டுக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர்தான். மீனம்பாக்கத்துக்கு வருவதைவிடக் குறைவு. 2025 ஏப்ரல் வரை இண்டிகோ நிறுவனத்தின் சிறிய ரக விமானம் சுமார் மூன்று மணி நேரத்தில் அங்கே போய் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதம் 22ஆம் தேதி காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. 24ஆம் தேதி பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. 30ஆம் தேதி இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. இதற்கிடையிலேயே தாஷ்கண்ட் சேவையையும் கஜகஸ்தானின் அல்மாட்டி சேவையையும் இண்டிகோ நிறுத்திவிட்டது. தன்னிடம் உள்ள விமானங்கள் பறக்கக்கூடிய எல்லைக்கு அப்பால் அவ்விரண்டு நகரங்களும் போய்விட்டன என்பதுதான் நிறுவனம் சொன்ன காரணம். வரைபடத்தில் எந்த ஊரும் இடம் மாறவில்லை. ஆனால் நேர்வடக்கே ஏற வேண்டிய விமானம் குஜராத்துக்கு இறங்கி, அரபிக் கடலைக் கடந்து, ஓமான், ஈரான், துர்க்மெனிஸ்தான் என்று சுற்றி வர வேண்டும். 1,600 கிலோமீட்டர் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகிறது. கிழக்கே லடாக் வழியாகச் சுற்றலாமே என்று தோன்றும். அங்கே இருப்பது உலகின் மிக உயர்ந்த மலைத்தொடர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அந்தக் காரகோர மலைகளின் மேல் அப்படி இறங்க இடமே கிடையாது.

இந்த வான் அடைப்பைப் பாதுகாப்பு நடவடிக்கை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம், ஒரே ஒரு விஷயம் இல்லாதிருந்தால். லண்டனிலிருந்தும் பிராங்பர்ட்டிலிருந்தும் தில்லிக்கு வரும் வெளிநாட்டு விமானங்களுக்கு இந்த ஆணை பொருந்தாது. உஸ்பெகிஸ்தான் நாட்டின் விமானத்துக்கும் பொருந்தாது. அதே வானில், அதே உயரத்தில், அதே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் போகலாம், இன்னொன்று போகக் கூடாது. இரண்டுக்கும் வேறுபாடு வால் பகுதியில் தீட்டிய கொடி மட்டும்தான். ஆபத்தான வானம் எல்லாருக்கும் ஆபத்தானதாக இருக்க வேண்டும். ஒரு கொடிக்கு மட்டும் மூடப்படும் வானம் தண்டனைக்காக மூடப்படுகிறது. பயணிகள் விமானம் ஒரு நாட்டின் மேலே கடந்து போகும் உரிமையை அரசுகள் தங்களுக்குள் கொடுக்கும் அடி, வாங்கும் அடியின் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பதே என் வாதம். நிலப் பத்திரங்களில் மாமூல் வழிநடைப் பாத்தியம் என்று எழுதுவோம். பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் போகலாம், கோர்ட்டில் வழக்கு நடக்கலாம். ஆனாலும் பின் வயலுக்குப் போகும் வண்டிப் பாதையை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த நியாயம் வானத்துக்கும் வேண்டும்.

இரண்டு ஊர்களுக்கு இடையிலான பறக்கும் தூரம் எப்போதும் ஒரே எண்ணாக இருப்பதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். உருண்டையான பூமியில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டைப் பெருவட்டப் பாதை என்கிறார்கள். விமானங்கள் அதை அப்படியே பின்பற்றுவதில்லை, காற்று குறுக்கிடுகிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல் பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் 13,900 கிலோமீட்டரிலிருந்து சுமார் 15,300 ஆகக் கூடியது. ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில் விமானம் போய்ச் சேர்ந்தது, முந்தைய பாதையைவிடச் சீக்கிரமாக. மேற்கிலிருந்து கிழக்கே பாயும் உயரக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியதுதான் காரணம். சுற்றிப் போனவன் முந்திச் சேர்ந்த கதை இது. காற்றும் மலையும் புயலும் இழுக்கும் தூரத்தைப் பற்றி யாரும் குறைசொல்ல முடியாது. அதைக் கணக்கிட்டு வெல்வதுதான் விமானியின் தொழில். ஒரு ஆணையில் கையெழுத்துப் போட்டு உண்டாக்கப்படும் தூரம் அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல.

அப்படி உண்டான தூரத்துக்கு இன்று உலகறிந்த உதாரணம் ஹெல்சின்கி–டோக்கியோ. பின்லாந்துக்கும் ஜப்பானுக்கும் இடையே சுமார் 7,800 கிலோமீட்டர். சைபீரியாவின் மேலே பறந்தால் ஒன்பதரை மணி நேரம். ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு மிகக் குறுக்கு வழி தங்கள் ஊர் வழியாகத்தான் என்று சொல்லியே ஃபின்ஏர் நிறுவனம் வளர்ந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானை மூடியது. அடுத்த நாளே 36 நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்யா தன் வானை மூடியது. ஒன்பதரை மணி நேரம் பதின்மூன்று மணி நேரமாயிற்று, வடதுருவத்தைச் சுற்றியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ. பெரிய விமானம் ஒன்று மணிக்குச் சுமார் 5 முதல் 6 டன் எரிபொருளைக் குடிக்கிறது. மூன்றரை மணி நேரத்துக்கு ஏறத்தாழ 20 டன் கூடுதல். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகும்; ஆக ஒரு நடைக்கு 60 டன்னுக்கும் அதிகம். கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். அந்த எடைக்கு ஈடாகச் சரக்கையோ பயணிகளையோ குறைக்க வேண்டும். ஒரு ஜோடி விமானிகள் முடித்துவிடக்கூடிய பணிநேரம் நீண்டு கூடுதல் விமானிகள் தேவைப்படுகிறார்கள். இவ்வளவும் சேர்ந்து கடைசியில் டிக்கெட் விலையில் வந்து உட்காருகிறது. சீன விமானங்களோ அதே சைபீரியாவின் மேலே இன்றும் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஏர் இந்தியாவும் ரஷ்யாவின் மேலே பறந்துதான் சான் பிரான்சிஸ்கோ போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவின் யுனைட்டட் நிறுவனம் 2022இல் அதே தடத்தைக் கைவிட நேர்ந்தது. இங்கும் கொடிதான் தூரத்தைத் தீர்மானித்தது.

நம் துணைக்கண்டத்தின் கதை இதைவிடப் பழையது, இதைவிடக் கனமானது. 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குக் கிளம்பிய ‘கங்கா’ என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு, மூன்றாம் நாள் அங்கே எரிக்கப்பட்டது. பிப்ரவரி 4 முதல் பாகிஸ்தான் விமானங்கள் இந்தியாவின் மேலே பறக்க இந்தியா தடை போட்டது. கராச்சியும் டாக்காவும் அன்று ஒரே நாட்டின் இரு நகரங்கள்; இடையில் இந்தியா. நேர்கோட்டில் சுமார் 2,370 கிலோமீட்டர். தடைக்குப் பிறகு குமரி முனைக்கும் தெற்கே இறங்கி, இலங்கையில் கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்பி, வங்கக் கடலில் மேலேற வேண்டியதாயிற்று. இரண்டு மடங்குக்கும் அதிகமான தூரம். இந்த உதாரணம் என் வாதத்துக்கு எதிராகவே திரும்பக்கூடியது என்பது தெரிந்தேதான் இதை எடுக்கிறேன். அந்த விமானங்களில் சாதாரண உடையில் படையினரும் கிழக்கே கொண்டுபோகப்பட்டார்கள். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் படை டாக்காவில் தொடங்கிய கொடுமையை நினைத்தால், அந்தப் பாதையை நீட்டியது நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் சட்டம் இதற்கு முன்பே வழி சொல்லிவிட்டது. 1944இன் சிகாகோ உடன்படிக்கை பயணிகள் விமானத்தையும் அரசு விமானத்தையும் பிரித்துவைக்கிறது. ராணுவம், சுங்கம், காவல் பணிக்கான விமானம் முன் அனுமதியின்றி இன்னொரு நாட்டின் மேலே பறக்க முடியாது. படையினரை ஏற்றிய விமானம் எந்த வண்ணம் பூசியிருந்தாலும் அது படை விமானம். அதைத் தடுக்கவும், இறக்கிச் சோதிக்கவும் இந்தியாவுக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையை விடச் சொல்லவில்லை. வழிநடைப் பாத்தியம் உள்ளவன் ஆயுதத்தோடு வந்தால் தடுக்கலாம். அதற்காகப் பாதையில் முள்வேலி போட முடியாது.

பாகிஸ்தான் அன்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் பேரவைக்குப் புகார் கொண்டுபோனது. பேரவைக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று இந்தியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1972 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: அதிகாரம் உண்டு. பிறகு விசாரணை முடியும்வரை யாரும் காத்திருக்கவில்லை; இரு நாடுகளும் பேசி முடித்து 1976இல் வானம் திறந்தது. கத்தார் விமானங்களுக்குச் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை 2017இல் வானை மூடியபோது, 2020இல் சர்வதேச நீதிமன்றம் அந்த 1972 தீர்ப்பின் வழியிலேயே நடந்து, பேரவை விசாரிக்கலாம் என்றது. அங்கும் பேரவை முடிவு சொல்வதற்கு முன், 2021 ஜனவரியில் அரசுகள் சமாதானமாகிவிட்டன. ஒரு நாட்டின் கொடியைக் குறிவைத்து வானை அடைப்பது செல்லுமா செல்லாதா என்ற மையக் கேள்விக்கு இன்றுவரை நேரான தீர்ப்பு கிடையாது. வழக்குப் போடுபவர் யாரும் தீர்ப்பு வரை நிற்பதில்லை. அடுத்த முறை தாமே அடைக்க வேண்டிவரலாம் என்ற எண்ணம் எல்லா அரசுகளுக்கும் உள்ளே இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

சட்டத்தின் வாசகமோ தெளிவானது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானின் மேல் முழு இறையாண்மை உண்டு என்று சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு சொல்கிறது. அதை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துவோர் ஒன்பதாம் பிரிவையும் வாசிக்க வேண்டும். அவசர காலத்தில் ஒரு நாடு தன் வானை முழுவதுமோ ஒரு பகுதியோ தற்காலிகமாக மூடலாம். ஆனால் எல்லா நாட்டு விமானங்களுக்கும் வேறுபாடின்றி மூட வேண்டும் என்கிறது அது. உடன்படிக்கையோடு பிறந்த இன்னொரு உடன்பாடு, இறங்காமல் கடந்து செல்லும் உரிமையையும் எரிபொருளுக்காக மட்டும் இறங்கும் உரிமையையும் ஒருவருக்கொருவர் கொடுக்கிறது. 130க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. இந்தியாவும் பாகிஸ்தானும் உண்டு. ரஷ்யா இல்லை. போரோ அறிவிக்கப்பட்ட தேசிய அவசர நிலையோ வந்தால் இந்தக் கட்டுகள் தளரும் என்று 89ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அவசர நிலையை நம்பும் நாடு அதைப் பேரவைக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகும் மாதத்துக்கு ஒரு அறிவிப்பாக ஆணையை நீட்டிக்கொண்டே போவதற்கு அந்தப் பிரிவைத் துணைக்கு அழைப்பது அதன் நோக்கத்துக்கு ஒவ்வாது.

வானை மூடவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. மூட வேண்டிய நேரத்தில் மூடாததால் போன உயிர்கள் கண்முன் இருக்கின்றன. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் போர் நடந்துகொண்டிருந்தது. 32,000 அடிக்குக் கீழே மட்டும் வானை மூடியிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசிய விமானம் 33,000 அடியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேரும் இறந்தார்கள். 2020 ஜனவரி 8 அன்று, அமெரிக்கத் தளங்கள் மீது ஏவுகணை வீசிய சில மணி நேரத்தில் ஈரான் தெஹ்ரான் விமான நிலையத்தைத் திறந்தே வைத்திருந்தது, புறப்பட்ட உக்ரைன் விமானத்தை அதன் படையே சுட்டது, 176 பேர். 2024 டிசம்பர் 25 அன்று குரோஸ்னிக்குப் போன அஜர்பைஜான் விமானத்துக்கும் ரஷ்ய வானில் அடிபட்டது. ஏவுகணை கொடி பார்ப்பதில்லை. இந்த மூன்று இடத்திலும் எல்லாருக்கும் மூடியிருக்க வேண்டிய வானத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். யாருக்கும் ஆபத்தில்லாத வானத்தை ஒருவருக்கு மட்டும் மூடுவதோ வழக்கமாகிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லைத் தண்டனைக்குச் செலவழித்தால், உண்மையிலேயே ஆபத்து என்று அறிவிக்கும் நாளில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது என்ற கவலை எனக்கு உண்டு.

எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. நிறவெறி ஆண்ட தென்னாப்பிரிக்காவின் விமானங்களுக்கு 1963 முதல் ஆப்பிரிக்க நாடுகள் வானை மூடின. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லண்டன் போகும் விமானம் கண்டத்தின் மேற்குப் புடைப்பைச் சுற்றி, கேப் வெர்டே தீவுகளில் உள்ள சால் தீவில் எரிபொருள் நிரப்பிப் போக வேண்டியிருந்தது. அநீதிக்கு எதிராக அந்த நாடுகளின் கையில் வேறு ஆயுதம் அதிகம் இல்லை. அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. ஆனால் நடந்ததைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் விமானம் ஆப்பிரிக்காவின் மேலே நேராகவே பறந்தது. நேர வித்தியாசம் தாங்காதவர்கள் அதில் ஏறிக்கொண்டார்கள். நிறவெறி அரசு இன்னும் முப்பது ஆண்டுகள் நீடித்தது. உறைத்த அடி 1986இல் வந்தது: அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் தென்னாப்பிரிக்க விமானங்கள் அமெரிக்காவில் இறங்கும் உரிமையையே பறித்தது. இறங்குவது வணிகம், விருந்தாளியாக ஏற்பதும் மறுப்பதும் வீட்டுக்காரர் விருப்பம். கடப்பது பாதை. ஐரோப்பா ரஷ்ய விமானங்களை இறங்க விட மறுத்ததில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. இறங்கும் உரிமையையும் கடக்கும் உரிமையையும் ஒரே பூட்டில் போட்டுப் பூட்டியதில்தான் இருக்கிறது.

மேலே பறக்க விட்டால் அதற்கான கட்டணம் எதிரிக்குத்தானே போகும் என்பார்கள். 2019இல் இந்தியா நடத்திய பாலாகோட் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் ஏறக்குறைய ஐந்து மாதம் வானை மூடியது. ஜூலை தொடக்கம் வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நட்டம் என்று மாநிலங்களவையில் அரசு சொன்னது. தனக்கும் சுமார் 850 கோடி பாகிஸ்தான் ரூபாய் போயிற்று என்று பாகிஸ்தான் அமைச்சரே சொன்னார். கட்டணம் வாங்கும் நாடு அதற்கு ஈடாக ரேடாரும் கட்டுப்பாட்டு அறையும் நடத்துகிறது. இது கப்பம் அல்ல. அடைப்பு ஓராண்டு நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் செலவு கூடும் என்று 2025இல் ஏர் இந்தியா அரசுக்கு எழுதியதாகச் செய்தி வந்தது. அமெரிக்கா போகும் விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. செப்டம்பர் முதல் தில்லி–வாஷிங்டன் சேவையே நிறுத்தப்பட்டது. விமானப் பற்றாக்குறையோடு இந்த அடைப்பையும் நிறுவனம் காரணமாகச் சொன்னது.

26 பேர் செத்த துக்கத்தின் முன் மூன்று மணி நேரத் தாமதத்தைப் பேசுவதா என்ற கேள்வி உணர்ச்சியில் எழுவது; அதில் தவறில்லை. ஆனால் தாமதத்தைச் சுமப்பவர் யார்? மத்திய ஆசியாவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள், வாஷிங்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் வயதானவர்கள். அந்தப் பக்கம் கோலாலம்பூருக்குப் போகும் பாகிஸ்தான் பயணி. கொன்றவர்களும் அனுப்பியவர்களும் இந்த விமானங்களில் ஏறவில்லை. 1965, 1971, 2002, 2019, 2025 என்று இரு நாடுகளும் மாறி மாறி வானை அடைத்திருக்கின்றன. இவற்றில் ஒன்றாவது ஒரு தாக்குதலைத் தடுத்ததாகவோ, ஒரு குற்றவாளியை ஒப்படைக்க வைத்ததாகவோ இரு அரசுகளில் எதுவும் காட்டியதில்லை.

1965 போரின்போது அடைபட்ட வானம் திறந்ததற்கு மூலகாரணமான பேச்சு நடந்தது தாஷ்கண்ட்டில்தான். 1966 ஜனவரி 10 அன்று பிரதமர் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் அங்கே கையெழுத்திட்டார்கள். பிப்ரவரி முதல் வாரத்திலேயே இரு அரசுகளும் கடிதம் பரிமாறி மேலே பறக்கும் உரிமையை மீட்டன. கடிதம் எழுத ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்திய நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் 2002இல் இந்தியா மீண்டும் மூடியது, பாகிஸ்தானும் பதிலுக்கு மூடியது. 2003இல் திறப்பதற்காகப் பேசியபோது பாகிஸ்தான் ஒரு உறுதிமொழி கேட்டது: இனிமேல் ஒருதலைப்பட்சமாக வானை மூடுவதில்லை என்று இந்தியா எழுதித் தர வேண்டும். இந்தியா மறுத்தது. ஆகஸ்டில் ராவல்பிண்டியில் நடந்த பேச்சு அதில்தான் முறிந்தது. பாகிஸ்தான் அந்தக் கோரிக்கையைக் கைவிட்ட பிறகு, 2004 ஜனவரி 1 அன்று விமானங்கள் பறந்தன. அன்று அது எழுத்தில் வந்திருந்தால் 2019லும் 2025லும் பாகிஸ்தானையும் கட்டியிருக்கும்; அதிக தூரம் பறப்பவை நம் விமானங்கள் என்பதால் அதிகம் பயன்பட்டிருப்பதும் நாம்தான். ஆகவே அடுத்த முறை இரு நாட்டு அதிகாரிகள் மேசையில் உட்காரும்போது, வேறெதையும் இதோடு முடிச்சுப் போடாமல், 2003இல் நாம் தர மறுத்த அதே வாக்கியத்தை நாமே முதலில் எழுதி நீட்ட வேண்டும்.